எலும்பின் வலுவும் கொலாஜன் பொடியும்

(ஜமாஅத் உறுப்பினர் கூட்டத்தில் மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் தொடர்பாக ஏதேனும் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, சர்க்கரை நோயைப் பற்றியோ இரத்தக் கொதிப்பைப் பற்றியோ பேசுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். அவற்றைப் பற்றிப் பேச நம்மிடையே பலர் உள்ளனர். மருந்துக்கடை மேசைக்கு இப்பால் நிற்கின்றவன் என்ற முறையில், அண்மைக் காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கப்படுகின்ற ஒரு கேள்வியையே இன்று எடுத்துக்கொண்டேன். "எலும்புக்கு கொலாஜன் பொடி நல்லதாமே, வாங்கலாமா?" என்பதே அக்கேள்வி.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது உம்மாவுக்கென்று அந்த டப்பாவை வாங்கி வருகின்றனர். பிள்ளையின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால், அந்த டப்பா வீட்டுக்குள் நுழைந்தபின், மருத்துவர் எழுதிக்கொடுத்த வாரம் ஒரு மாத்திரை அலமாரியில் தூங்கத் தொடங்கிவிடுகின்றது. "இதுதான் இயற்கையானது, அதை நிறுத்திவிட்டேன்" என்று தாய்மார்கள் சொல்லக் கேட்கும்போது எனக்கு அச்சம் உண்டாகின்றது. இவ்வுரைக்குக் காரணம் அந்த அச்சமே.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். நம் பக்கத்தில் முழங்கால் வலித்தாலும் 'எலும்புத் தேய்மானம்', முதுகு கூனினாலும் 'எலும்புத் தேய்மானம்' என்றே சொல்கின்றோம். இவை இரண்டும் வேறு வேறு. முழங்காலில் தேய்வது இரண்டு எலும்புகளுக்கு இடையேயுள்ள குருத்தெலும்பு. அது வலிக்கும், வீங்கும், தொழுகையில் அமர விடாது. நான் பேச வந்தது ஆஸ்டியோபோரோசிஸ் என்று மருத்துவர்கள் கூறும் எலும்புப்புரை நோயைப் பற்றி. இதில் எலும்பின் உட்புறம் கறையான் அரித்த உத்திரம்போல் சிறுகச் சிறுகப் புரையோடுகின்றது. வெளித்தோற்றம் மாறாது, வலியும் இராது. ஒருநாள் கால் இடறி விழும்போது இடுப்பெலும்பு முறியும். அல்லது குடத்தைத் தூக்கக் குனிந்தபோது முதுகெலும்பு நசுங்கும். அதுவரை நோய் இருப்பதே தெரியாது. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாக மேலைநாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. எஞ்சியவர்களிலும் பலர் முன்போல் நடப்பதில்லை.

'இது வெள்ளைக்காரர்களின் நோய். களியும் கூழும் குடித்து வளர்ந்த நமக்கு வராது' என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நமக்கு அண்மையிலுள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற, நடமாட்டத்தோடு இருந்த 150 பெண்களைப் பரிசோதித்தனர். அவர்களுள் சரிபாதிப் பேருக்கு முதுகெலும்பிலோ தொடையெலும்பின் கழுத்திலோ எலும்புப்புரை இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் டி போதுமான அளவில் இல்லை. வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் உண்பதையே நம் வீட்டுப் பெண்களும் உண்கின்றனர். ஆதலின் இது நம் வீட்டுக் கணக்கும்தான்.

சரி, எலும்பு எதனால் ஆனது? 'சுண்ணாம்புச் சத்தால்' என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அது பாதி விடை. வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க இரண்டு சோதனைகளைச் சொல்கின்றேன். ஒரு கோழிக்கால் எலும்பைச் சுத்தம் செய்து, வினிகரில் சில நாட்கள் ஊறவையுங்கள். இடையில் வினிகரை மாற்றுங்கள். பின்னர் எடுத்துப் பார்த்தால் அது ரப்பர்போல் வளையும். அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டது. வளைகின்ற அந்த மிச்சம்தான் கொலாஜன். மற்றோர் எலும்பை அடுப்பு நெருப்பில் நன்றாகச் சுட்டெடுங்கள். வடிவம் அப்படியே இருக்கும். விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். இங்கே கொலாஜன் எரிந்துபோய்ச் சுண்ணாம்பு மட்டும் எஞ்சியது. கட்டடத்தில் கம்பியும் கான்கிரீட்டும் எப்படியோ, அப்படியே எலும்பில் கொலாஜனும் தாதுவும். எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தாது. எஞ்சியதில் நீர் போகப் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். கம்பி இல்லாத கான்கிரீட் நிற்காது. கான்கிரீட் இல்லாத கம்பியும் நிற்காது.

இந்தக் கொலாஜன் நமக்குப் புதிய பொருளன்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலில் நம் சமுதாயத்தவர் பல தலைமுறைகளாக ஈடுபட்டு வருகின்றனர். குர்பானித் தோல்களை ஜமாஅத்தில் சேகரித்து அனுப்பிய பழக்கம் உங்கள் அனைவருக்கும் தெரியும். அந்தத் தோலில் பெரும்பகுதியாக இருப்பதும், நம் எலும்பில் இருப்பதும் ஒரே வகைக் கொலாஜனே. அது அழுகிவிடாதபடி அதன் இழைகளைப் பிணைத்து நிறுத்துவதைத்தான் தோல் பதனிடுதல் என்கின்றோம். தச்சர்கள் முற்காலத்தில் காய்ச்சி ஒட்டிய வச்சிரப் பசையும் இதுவே. கொலாஜன் என்ற சொல்லுக்கே 'பசையைத் தருவது' என்றுதான் பொருள். கிரேக்க மொழியில் 'கொல்லா' என்றால் பசை.

இதன் உள்ளமைப்பை உலகுக்கு எடுத்துக் கூறியது நம் சென்னை மாநகரம் என்பதை இங்கே பெருமையோடு நினைவுகூர விரும்புகின்றேன். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என். இராமச்சந்திரன் அவர்கள், கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆய்வாளருடன் இணைந்து, கங்காருவின் வால் தசைநாரிலிருந்து பெற்ற கொலாஜனை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தார். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறுபோல் அமைந்துள்ளன என்ற முடிவை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டு, 1955-இல் அதைச் செம்மைப்படுத்தினார். 2001-இல் அவர் மறைந்தார். தென்னைநார்க் கயிறு திரித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தனி நாருக்கு இல்லாத வலு முறுக்கில் வருகின்றது. அந்தக் கயிற்றின் ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். பெரியதொன்று அவ்விடத்தில் அமர்ந்தால் முறுக்கு சரியாக விழாது. மரபணுப் பிழையால் அவ்வாறு நேர்ந்த குழந்தைகளுக்கு எலும்பு கண்ணாடிபோல் உடைகின்றது. சுண்ணாம்பு எவ்வளவு இருந்தும் பயனில்லை. எலும்பில் கொலாஜனுக்கு உள்ள இடம் இதனால் விளங்கும். ஆகவே, கொலாஜனைப் பற்றிப் பேசுகின்றவர்கள் அடிப்படையே இல்லாமல் பேசவில்லை. அதை வாயால் உண்டால் அது எலும்புக்குப் போய்ச் சேருமா என்பதே வினா.

இங்கே நம் ஆட்டுக்கால் பாயாவுக்கு வருவோம். பிரசவித்த பெண்ணுக்கும், கை முறிந்த பிள்ளைக்கும், ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கும் பாயா கொடுப்பது நம் வழக்கம். பாயா ஆறும்போது திரண்டு நிற்கின்றதே, அந்தத் திரட்சி ஜெலட்டின். கொலாஜன் கயிறு வெந்நீரில் முறுக்கவிழ்ந்து கரைந்ததே ஜெலட்டின். குக்கரில் வைத்தால் இன்னும் விரைவில் கரையும். வியப்பான செய்தி என்னவென்றால், குக்கரின் மூதாதையே எலும்பை மென்மையாக்கத்தான் பிறந்தது. டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் இலண்டன் இராயல் கழகத்தாருக்குக் காட்டிய மூடிய கலத்தின் நோக்கம், வீணாகும் எலும்பிலிருந்து ஏழைகளுக்கும் உணவு தேடுவதாகவே இருந்தது. அதன் தொடர்ச்சியாகப் பின்னாளில் பாரிஸ் மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்கு எலும்பு ஜெலட்டின் சூப்பு வழங்கப்பட்டது. இறைச்சிக்கு ஈடாகுமா என்று ஆராய மழாந்தி என்ற அறிஞர் தலைமையில் குழு அமைந்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் உயிர் பிழைக்கவில்லை என்பதைக் கண்டு, 1841-இல் அக்குழு 'ஈடாகாது' என்று அறிவித்தது. காரணம் பின்னர்தான் தெரிந்தது: டிரிப்டோஃபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் கொலாஜனில் அறவே கிடையாது. புரதக் கணக்கில் ஒரு முட்டைக்கு உள்ள மதிப்பு அதற்கு இல்லை.

பாயாவில் சுண்ணாம்புச் சத்தாவது இறங்குமா என்றால், அதுவும் மிகக் குறைவே. எலும்பின் தாது வெந்நீரில் எளிதில் கரையாது. தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்தால் சற்றுக் கூடும். அப்போதும் ஒரு நாளையத் தேவையில் அது சிறு துளியே. பாயா சுவையான உணவு, உடல் தேறுகின்றவருக்குத் தெம்பு தரும் உணவு. சர்க்கரை, கொழுப்பு, யூரிக் அமிலம் உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டிய உணவு. எலும்புப்புரைக்கு அது மருந்தன்று. பாட்டிமார் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது!

கடையில் விற்கும் பொடி பாயாவிலிருந்து ஒரு படி மேலே செல்கின்றது. அதை எவ்வாறு செய்கின்றனர் என்பதை அறிந்தால் பல ஐயங்கள் நீங்கும். இத்தொழில் நம் நாட்டிலேயே உள்ளது. கேரளத்தில் 1975-இல் ஜப்பானியக் கூட்டுறவோடு தொடங்கிய நிட்டா ஜெலட்டின் இந்தியா நிறுவனம் அவற்றுள் ஒன்று. கால்நடை எலும்பை நொறுக்கி, கொழுப்பு நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நாட்கள் ஊறவைக்கின்றனர். நான் சொன்ன வினிகர்ச் சோதனையைப் பெரிய தொட்டியில் செய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். வளையும் மிச்சத்திற்கு ஆசீன் என்று பெயர். அதைத் தோல் மண்டியில் செய்வதுபோல் வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீரில் வைத்து, கழுவி, வெந்நீரில் ஜெலட்டினாக இறக்குகின்றனர். நொதிகளால் அதை மேலும் நறுக்கினால் கிடைப்பதே கொலாஜன் பெப்டைட் எனப்படும் பொடி. அமிலத்தில் கரைந்துபோன சுண்ணாம்புச் சத்து எங்கே போயிற்று என்று கேட்கலாம். அதைக் கால்சியம் பாஸ்பேட்டாகப் பிரித்தெடுத்து மாட்டுக்கும் கோழிக்கும் தீவனத்தில் சேர்க்கின்றனர். ஆக, எலும்பிலிருந்து வந்த பொடி என்பதால் அதில் கால்சியம் இருக்கும் என்று நம்புவது தவறு. எலும்பின் கால்சியம் கோழிக்குப் போய்விட்டது, பசை மட்டும் டப்பாவுக்கு வந்தது. சில நிறுவனங்கள் கால்சியத்தைத் தனியே கலக்கின்றன; அதை லேபிளில் பார்த்துக்கொள்ள வேண்டும். 'தாவரக் கொலாஜன்' என்று எழுதியிருப்பதைக் கண்டால் டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள். தாவரத்தில் கொலாஜன் கிடையாது.

இப்பொடியை உண்டால் வயிறு அதைக் கொலாஜனாகவா எலும்புக்கு அனுப்பும்? இல்லை. பெரும்பகுதி அமினோ அமிலங்களாகச் சிதைந்துவிடும். எனினும் இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு துண்டுகள் சில, சிதையாமல் இரத்தத்தில் காணப்படுகின்றன என்பது உறுதியான செய்தி. அத்துண்டுகள் எலும்பு கட்டும் செல்களைத் தூண்டக்கூடும் என்பதே ஆதரவாளர்களின் வாதம். ஜெர்மனியில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 131 பெண்களைச் சேர்த்து ஒரு சோதனை நடந்தது. 2018-இல் முடிவு வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 5 கிராம் கொலாஜன் பெப்டைட், மற்றவர்களுக்கு மருந்தில்லாப் பொடி. ஓராண்டு முடிவில், பொடி உண்டவர்களின் முதுகெலும்பிலும் தொடையெலும்புக் கழுத்திலும் அடர்த்தி சற்று உயர்ந்திருந்தது, மற்றவர்களுக்குக் குறைந்திருந்தது. இது நல்ல செய்தி என்பதில் ஐயமில்லை. ஆனால் இறுதிவரை நின்றவர்கள் 102 பேரே. ஆய்வுக்குக் கைகொடுத்தது அப்பொடியைச் செய்யும் நிறுவனம். அதற்கு முன்னர், 2010-இல் பிரேசில் நாட்டில் 71 பெண்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்ததில், எலும்பு தேய்வதையும் கட்டப்படுவதையும் காட்டும் இரத்தக் குறியீடுகளில் மாற்றமே இல்லை.

என் கருத்தைக் கேட்டால், கதவு மூடப்படவில்லை. ஆனால் திறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது அடர்த்தி எண் அன்று. எலும்பு முறியாமல் இருப்பது. பொடி உண்டவர்களுக்கு எலும்பு முறிவு குறைந்தது என்று காட்டும் பெரிய சோதனை எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைகளுக்கோ, முறிவைக் குறைக்கும் என்ற சான்று ஆயிரக்கணக்கான பெண்களிடம் நடத்திய சோதனைகளில் உள்ளது. அதற்கு ஆகும் செலவும் பொடியின் செலவைவிட மிகக் குறைவு. வசதியுள்ளவர்கள் மருந்தோடு பொடியையும் உண்ணட்டும், நான் தடுக்கவில்லை. மருந்துக்குப் பதிலாக உண்பதைத்தான் வேண்டாம் என்கின்றேன். கடன் வாங்கியோ, மருத்துவ உதவிக்கென்று பெற்ற பணத்திலோ இதை வாங்குவதையும் வேண்டாம் என்கின்றேன்.

ஹலால் பற்றிய கேள்வி இங்கே எழுவது இயல்பு. பொடி பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் செய்யப்படுகின்றது. ஆகவே மூலத்தை லேபிளில் பார்க்காமல் வாங்கக் கூடாது. பன்றி ஜெலட்டின் கூடாது என்று 1986-இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. மாட்டெலும்பானாலும், அந்த மாடு முறைப்படி அறுக்கப்பட்டதா என்பது மற்றொரு கேள்வி. செத்த பிராணியின் எலும்பைப் பற்றி ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமிலத்திலும் சுண்ணாம்பிலும் மாறிய பொருள் வேறு பொருளாகிவிடுமா என்பதிலும் அறிஞர்கள் ஒத்த கருத்துடையவர்களாக இல்லை. இதில் தீர்ப்புச் சொல்வது மருந்தாளுநரின் வேலையன்று. மேடையில் ஹஸ்ரத் அவர்கள் இருக்கின்றார்கள். மருந்தாளுநர் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்வேன். ஐயமிருந்தால் மீன் கொலாஜன் உண்டு. அதுவும் வேண்டாமென்றால், உண்ணாமல் விடுவதால் எலும்புக்கு இழப்பு என்று நிரூபிக்கப்படவில்லை.

பின் எலும்புக்கு வேண்டியது என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. நம் மாவட்டத்தில் களி கிண்டாத வீடு முன்பு உண்டா? இப்போது பரோட்டா வந்துவிட்டது. முருங்கைக் கீரையிலும், பாலிலும், மோரிலும், எள்ளிலும், முள்ளோடு உண்ணும் நெத்திலிக் கருவாட்டிலும் உண்டு. கொலாஜன் கயிறு முறுக்கேற வைட்டமின் சி தேவை. அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும். புரதத்திற்கு முட்டையும் பருப்பும் இருக்கின்றன.

உண்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அது உணவில் குறைவு; வெயில்தான் தரும். ஆனால் காலை ஏழு மணி இளவெயிலில் அது ஏறக்குறைய இல்லை. வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில்தான் உண்டு. வீட்டு மாடியில், மறைவான இடத்தில், பதினொரு மணிக்கு மேல் கைகால்களில் சிறிது நேரம் வெயில் படுவதற்கு நம் பெண்களுக்கு வசதி செய்து தாருங்கள். இயலாதவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையாக எடுத்துக்கொள்ளட்டும்.

மற்றொன்று, மனத்தை வருத்துவது. மூட்டு வலிக்கென்று பெயரில்லாப் பொட்டலங்களை வாங்கி உண்பவர்கள் நம்மிடையே உள்ளனர். ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்று மகிழ்கின்றனர். அவ்வளவு விரைவாக வேலை செய்யும் பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் உண்டால் எலும்பு கரையும், ஆண்களுக்கும் கரையும். அதே வேளையில், மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எதுவாயினும் கேட்டுச் செய்யுங்கள்.

வார மாத்திரை உண்பவர்களுக்கு ஒரு குறிப்பு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் முழுத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, தேநீரோ கால்சியம் மாத்திரையோ உண்ணவும் கூடாது. ரமளானில் சிலர் இதனை மாதம் முழுதும் விட்டுவிடுகின்றனர். விட வேண்டியதில்லை, வாரத்தில் ஒருநாள் சஹருக்குச் சற்று முன்னதாக எழுந்தால் போதும். தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு நேரத்தை வகுத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நிமிர்ந்து அமர முடியாதவர்களும் கேட்காமல் இம்மாத்திரையைத் தொடவே கூடாது.

அறுபத்தைந்து வயதைக் கடந்த பெண்களும், லேசாக விழுந்தே எலும்பு முறிந்தவர்களும், உயரம் குறைந்து கூன் விழுந்தவர்களும் டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஊசி கிடையாது, வலி கிடையாது. சில நிமிடங்களே ஆகும். அதில் வரும் 'டி ஸ்கோர்' என்ற எண் கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே சென்றால் எலும்புப்புரை என்று பொருள்.

நிறைவாக நிர்வாகக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். எலும்பு முறிய வேண்டுமானால் பெரும்பாலும் முதலில் விழ வேண்டும். முதியவர்கள் விழுகின்ற இடங்கள் குளியலறை, இருட்டான படிக்கட்டு, ஈரத்தரை. நம் பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் இடத்தில் தரை வழவழப்பாக உள்ளது. மழைக்காலத்தில் பாசியும் பிடிக்கின்றது. ஃபஜ்ருக்கு வருகின்ற பெரியவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பதை நாம் அனைவரும் பார்க்கின்றோம். அங்கே சொரசொரப்பான கல் பதித்து, இருபுறமும் கைப்பிடிக் கம்பி பொருத்தி, ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் எரியும்படி ஒரு விளக்குப் போட்டுத் தருமாறு வேண்டுகின்றேன். பெண்கள் தொழும் பகுதியின் படிக்கும் ஒரு கம்பி தேவை. வரும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு தொகை ஒதுக்கினால், கம்பியின் செலவில் ஒரு பங்கை நானும் ஏற்றுக்கொள்கின்றேன்.